ஆறு வோல்ட் வெளிச்சம்: ஒரு பழைய புல்லட்டின் வயரிங்கில் இருக்கும் வரலாறு

(எபிசோடில் பேசியதைச் சுருக்கி, திருத்திய எழுத்து வடிவம்.)

உங்க வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஒரு டிவிஎஸ் 50 வச்சிருந்தா இது உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். ராத்திரி நேரம். ரோட்டில் பள்ளம் வருது, இல்லைன்னா மாடு நிக்குது. வண்டியை மெதுவாக்கணும். ஆனா ஆக்சிலரேட்டரைக் குறைச்ச உடனே முன்னாடி லைட்டும் மங்கிடும். எங்கே வெளிச்சம் அதிகமா வேணுமோ, சரியா அங்கே வெளிச்சம் இருக்காது. அதனால இடது கையில் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வலது கையில் ஆக்சிலரேட்டரை முறுக்குவாங்க.

காரணம் ரொம்ப எளிமையானது. என்ஜின் சுத்துற வேகத்தில் உண்டாகிற மின்சாரம் நேரா பல்புக்குப் போகுது. வேகம் குறைஞ்சா மின்சாரமும் குறையும். அந்த மின்சாரத்தைச் சேமிச்சு வச்சு, சீராக் கொடுக்கணும்னா பேட்டரி வேணும், அதை நிரப்ப ஒரு ஏற்பாடு வேணும். அந்த ஏற்பாட்டைத்தான் சார்ஜிங் சிஸ்டம்னு சொல்றோம்.

இன்னைக்கு அதோட வரலாற்றைப் பேசப் போறோம். இதைப் பேசக் காரணம் என்கிட்ட இருக்கிற ஒரு 350 சிசி புல்லட். 1970களில் வந்த வண்டி. அதோட சார்ஜிங் வயரிங்கை அரியாங்குப்பத்தில் ஒரு பட்டறையில் மொத்தமா மாத்தினோம். மாத்தணும்னு முடிவு பண்ணப்போ நண்பர்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சாங்க. "பழைய வண்டியில கை வைக்காதே, ஒரிஜினல் போயிடும்"னு ஒரு கட்சி. "ராத்திரி கடலூர் ரோட்டுல அந்த லைட்டை நம்பி எப்படிப் போவே?"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. அதனால அந்த 'ஒரிஜினல்' எப்படி உருவாச்சுன்னு முதல்ல பார்க்கலாம்.

கார்பைடு கல்லில் இருந்து ஆல்டர்னேட்டர் வரை

மோட்டார் சைக்கிள் வந்த புதுசில் அதில் மின்சார விளக்கு கிடையாது. 1900களின் தொடக்க வண்டிகளில் இருந்தது அசெட்டிலீன் விளக்கு. மாம்பழம் பழுக்க வைக்கப் பயன்படுத்தக் கூடாதுன்னு தடை போட்டிருக்காங்களே, அந்தக் கார்பைடு கல்தான் இதுக்கும் மூலப்பொருள். ஒரு சின்ன டப்பாவில் கல்லைப் போட்டு, மேலே இருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டா விழ வைப்பாங்க. அதில் வர்ற வாயுவைக் குழாய் வழியா விளக்குக்குக் கொண்டுபோய்ப் பத்த வைப்பாங்க. வெளிச்சம் நல்லாவே வரும். ஆனா நாத்தத்தையும் கரியையும் மழையையும் சமாளிக்கணும்.

என்ஜினுக்குத் தேவையான தீப்பொறியை மேக்னெட்டோ கொடுத்தது. காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து நகர்ந்தால் கம்பியில் மின்சாரம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். மேக்னெட்டோ அந்தத் தத்துவத்தின் நேரடிப் பயன். அதுக்கு பேட்டரி வேண்டாம். கிக்கரை உதைச்சா தானே தீப்பொறி உண்டாக்கிக்கும்.

பிறகு விளக்குக்கும் மின்சாரம் வந்தது. பர்மிங்காமில் இருந்த லூகாஸ் நிறுவனம் மேக்னெட்டோவையும் டைனமோவையும் ஒண்ணாச் சேர்த்து 'மேக்டைனோ'ன்னு ஒரே கருவியாக் கொடுத்தது. டைனமோவில் சுத்துற பாகத்தில் இருந்து கார்பன் பிரஷ் வழியா மின்சாரம் வெளியே வரும். பிரஷ் தேயும், தூசி சேரும், அடிக்கடி பார்த்துக்கணும். பின்னாளில் பிரிட்டிஷ் பைக்குகளில் பரவலா இருந்த ஒரு லூகாஸ் டைனமோவின் மொத்தத் திறன் 60 வாட். நம்ம வீட்டில் முன்னாடி எரிஞ்ச ஒரு குண்டு பல்பு அளவு. அதை வச்சுத்தான் ஹெட்லைட், டெயில் லைட், ஹாரன் எல்லாத்தையும் ஓட்டி, மிச்சத்தில் பேட்டரியையும் நிரப்பணும்.

1950களில் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடிக்க ஆரம்பிச்சது. 1953இல் ட்ரையம்ப் நிறுவனத்தின் ஸ்பீட் ட்வின் வண்டி ஆல்டர்னேட்டரோடு வந்தது. இதில் காந்தம் சுத்தும், கம்பிச் சுருள் அசையாம இருக்கும். பிரஷ் கிடையாது, தேய்மானம் குறைவு. ஆனா இதில் வர்றது திசை மாறி மாறி ஓடுற ஏசி மின்சாரம். பேட்டரிக்கு ஒரே திசையில் ஓடுற டிசி வேணும். அதனால நடுவில் ரெக்டிஃபையர்னு ஒரு கருவி வந்தது. அந்தக் காலத்தில் அது செலினியம் பூசின தட்டுகளை அடுக்கிச் செஞ்சது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. மேக்னெட்டோ போய், பேட்டரியில் இருந்து காயில் வழியா தீப்பொறி எடுக்கிற முறையும் கூடவே வந்தது. நம்ம ஊர் புல்லட்டும் பல பத்தாண்டுகள் இந்த முறையில்தான் ஓடுச்சு. அதனால பேட்டரி செத்தா லைட் மட்டும் போகாது, வண்டியே கிளம்பாது. சார்ஜிங் வயரிங்னு நாம பேசுறது வண்டியோட உயிர்நாடியைப் பத்தி.

பாண்டியும் திருவொற்றியூரும்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிப் பகுதி 8 கம்யூன்களாப் பிரிஞ்சிருந்தது. அதில் அரியாங்குப்பமும் ஒன்று. 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது.

நடைமுறை இணைப்புக்கு அடுத்த வருஷம், வடக்கே மெட்ராஸில் இன்னொரு கைமாற்றம் தொடங்குச்சு. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901இல் இருந்து மோட்டார் சைக்கிள் செஞ்சுட்டு இருந்தது. 1949இல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த வண்டிகளை இறக்குமதி பண்ணி வித்துச்சு. இந்திய ராணுவமும் 350 சிசி புல்லட் வாங்க ஆரம்பிச்சது. 1955இல் ரெடிச்சும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவாச்சு. 1956இல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்தது. இங்கிலாந்தில் இருந்து பாகங்களாக வந்ததை இங்கே கோத்தாங்க. அந்த வருஷக் கடைசி வரைக்கும் மொத்தம் 163 வண்டிகள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிஞ்ச கதை. ரெடிச் ஆலை 1967இல் மூடினது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி முழுசா நின்னுபோச்சு. திருவொற்றியூரில் மட்டும் அதே 1950களின் வடிவம் தொடர்ந்து வந்துட்டே இருந்தது. 1977இல் அந்த வண்டியை இங்கே இருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சாங்க.

இதில் நமக்கு வேண்டியது ஒரு விவரம். இங்கே வந்து சேர்ந்த வடிவத்தோட அதன் மின்சார ஏற்பாடும் வந்தது: ஆறு வோல்ட். உலகத்தில் பல இடங்களில் அது மாறினபோதும், என் வண்டி மாதிரி பல புல்லட்டுகள் அந்த ஆறு வோல்ட்டோடுதான் தமிழ்நாட்டு, பாண்டி ரோடுகளில் இறங்கின.

பேட்டரியே ரெகுலேட்டர்

பழைய சார்ஜிங் சிஸ்டத்தைப் பிரிச்சா உள்ளே அதிகம் ஒண்ணும் இருக்காது. ஆல்டர்னேட்டர், ரெக்டிஃபையர், பேட்டரி, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற ஆம்மீட்டர், ஒரு சுவிட்ச், இவ்வளவுதான். இன்னைக்கு எந்த வண்டியிலும் இருக்கிற ரெகுலேட்டர், அதாவது மின்சாரம் அளவு மீறாம பார்த்துக்கிற கருவி, பல பழைய ஏற்பாடுகளில் தனியாக் கிடையாது.

அப்போ கட்டுப்படுத்தினது யாரு? பாதி வேலையை லைட் சுவிட்ச் பார்த்துக்கிச்சு. அந்தக் கால லூகாஸ் ஏற்பாட்டில், லைட் அணைஞ்சிருக்கும்போது ஆல்டர்னேட்டரின் சில சுருள்கள் மட்டும் வேலை செய்யும். ஹெட்லைட் போட்டா எல்லாச் சுருளும் சேர்ந்துக்கும். செலவு கூடும்போது வரவும் கூடுற மாதிரி. மீதிப் பாதி பேட்டரி தலையில் விழுந்தது. பகல்ல ரொம்ப தூரம் ஓட்டினா மிச்ச மின்சாரம் எல்லாம் பேட்டரிக்குள் போய், அதில் இருக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதனாலதான் வாரத்துக்கு ஒரு தடவை பேட்டரி மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்துற பழக்கம். அடிக்கடி தண்ணி குறையுதுன்னா சார்ஜ் அதிகமா ஏறுதுன்னு பெரியவங்க புரிஞ்சுப்பாங்க.

ஆம்மீட்டர் முள்ளை வாசிக்கிறதும் அப்படி ஒரு பழக்கம்தான். முள் பிளஸ் பக்கம் சாய்ஞ்சா பேட்டரி நிரம்புது. மைனஸ் பக்கம் சாய்ஞ்சா காலியாகுது. ஹெட்லைட் போட்டு, டிராஃபிக்கில் ஊர்ந்து போனா முள் மைனஸிலேயே படுத்துக்கும். வேகமாப் போனா நடுவுக்கு வரும். வீட்டுக்கணக்கு எழுதுற மாதிரி, வரவு செலவைப் பார்த்துப் பார்த்து வண்டி ஓட்டின தலைமுறை அது. ஹாரனை நீளமா அடிக்க யோசிச்சிருக்காங்க.

உப்புக்காத்தும் ஓம் விதியும்

சரி, ஆறு வோல்ட்டில் அப்படி என்ன பிரச்சினை? ஒரு சின்னக் கணக்கு போட்டா விளங்கிடும். பள்ளிக்கூடத்தில் படிச்ச ஓம் விதி போதும்.

36 வாட் ஹெட்லைட் பல்பு ஒண்ணுன்னு வச்சுக்குவோம். ஆறு வோல்ட்டில் அதுக்கு 6 ஆம்பியர் வேணும். பன்னிரண்டு வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். இப்போ போற வழியில், அதாவது ஒயர், சுவிட்ச், கனெக்டர் எல்லாம் சேர்த்து, 0.1 ஓம் தடை இருக்குன்னு வைங்க. ரொம்பச் சின்ன எண்தான். ஆறு வோல்ட் வண்டியில் இந்தத் தடை 0.6 வோல்ட்டைச் சாப்பிட்டுடும். பத்துல ஒரு பங்கு போச்சு. பன்னிரண்டு வோல்ட் வண்டியில் சாப்பிடுறது 0.3 வோல்ட், நாற்பதில் ஒரு பங்கு.

பத்துல ஒரு பங்குதானேன்னு தோணும். ஆனா இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். பல்புக்குள் இருக்கிற இழையின் சூடு குறையக் குறைய அது வெளிச்சம் தர்ற திறமையும் சேர்ந்து குறையுது. அதனாலதான் பழைய வண்டி லைட் மஞ்சளா, சோகையா இருக்கும்.

இந்த 0.1 ஓம் எங்கிருந்து வருது? இங்கேதான் அரியாங்குப்பம் கதைக்குள் வருது. ஊர் புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் ரோட்டில், ஆத்தைத் தாண்டினதும் வரும். ஒரு பக்கம் ஆறு, கழிமுகம். கிழக்கே வீராம்பட்டினம், கடல். வருஷம் முழுக்க உப்புக்காத்து. வீட்டு ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட்டுத் தாழ்ப்பாள் எல்லாம் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும்னு இங்கே இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும். கனெக்டரின் உள்பக்கம் வெள்ளைப் பொடி பூக்கும். வெளியே பார்த்தா ஒயர் நல்லா இருக்கும். உறையை உரிச்சா உள்ளே கம்பி கறுத்துப் போயிருக்கும்.

இன்னொரு பெரிய இடம் எர்த்து. பழைய வண்டிகளில் பேட்டரியில் இருந்து பல்புக்கு ஒரு ஒயர்தான் போகும். திரும்பி வர வண்டியின் இரும்புச் சட்டமே பாதை. காசு மிச்சம். ஆனா சட்டம் துருப்பிடிச்சாலோ, ஆசையா ரீபெயின்ட் அடிச்சு போல்ட்டு உட்கார்ற இடத்தில் பெயின்ட் படிஞ்சாலோ பாதை அடைபட்டுடும். "பெயின்ட் அடிச்ச பிறகு லைட் சரியா எரியல"ங்கிற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி இந்த எர்த்துதான். லூகாஸ் கம்பெனியை 'இருட்டின் இளவரசன்'னு உலகம் முழுக்கக் கிண்டல் பண்ணுவாங்க. அந்தக் கிண்டலில் பாதி களிம்புக்கும் துருவுக்கும் போகணும்.

ராத்திரி மாறிப்போச்சு

உலகம் ஆறு வோல்ட்டை விட்டதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். அமெரிக்கக் கார்கள் 1950களின் நடுவில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறின. பிரிட்டிஷ் பைக்குகள் 1960களின் நடுவில் மாற ஆரம்பிச்சது. அப்போ 'ஜீனர் டயோடு'ன்னு ஒரு சின்னக் குறைக்கடத்தி வந்து, மிஞ்சின மின்சாரத்தைச் சூடாக மாத்தி வெளியே தள்ளுச்சு. பேட்டரி கொதிக்கிற வேலை முடிஞ்சது. செலினியம் தட்டு போய் சிலிக்கான் டயோடு வந்தது. இந்தியாவில் லூகாஸும் டிவிஎஸும் சேர்ந்து 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கினாங்க. சென்னை பாடி பக்கம் போனா இன்னைக்கும் அந்தப் பேரைப் பார்க்கலாம். வாகன மின்சாதனங்களை இங்கேயே செய்யற திறமை அப்படி வளர்ந்தது. புல்லட்டும் பின்னாளில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஆனா ரோடு அதைவிட வேகமா மாறிடுச்சு. ஆறு வோல்ட் விளக்கு, எதிரே எப்பவாவது ஒரு லாரியும் ரெண்டு மாட்டு வண்டியும் வர்ற ரோட்டுக்காகச் செஞ்சது. சுத்தி இருட்டா இருந்தா மங்கின லைட்டிலும் கண் பழகிக்கும். இன்னைக்கு சனிக்கிழமை ராத்திரி முருங்கப்பாக்கத்தில் இருந்து தவளக்குப்பம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. பஸ், டூரிஸ்ட் கார், கடை வெளிச்சம், எதிரே வர்ற எல்இடி ஹெட்லைட். அந்தக் கூட்டத்தில் ஆறு வோல்ட் டெயில் லைட் பின்னாடி வர்றவங்க கண்ணில் படவே படாது. நாம ரோட்டைப் பார்க்கிறது ஒரு பக்கம். நம்மை மத்தவங்க பார்க்கணுமே, அது இன்னும் முக்கியம்.

அரசாங்கமும் அதை ஒத்துக்கிட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வர்ற புது டூ வீலர்களில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரியணும்னு விதி வந்தது. பகல்லயும் கண்ணில் படணும்ங்கிறதுதான் காரணம். பழைய வண்டிக்கு இந்த விதி பொருந்தாது. ஆனா அதே ரோட்டில்தான் அதுவும் போகுது. பழைய ஆறு வோல்ட் வண்டியில் பகல் முழுக்க ஹெட்லைட் போட்டு ஊருக்குள் சுத்தினா, சாயங்காலம் தள்ளிக்கிட்டுத்தான் வரணும்.

அரிக்கமேட்டுப் பாடம்

பட்டறையில் என் வண்டியின் ஹெட்லைட்டைக் கழட்டி உள்ளே இருந்த ஒயர் கத்தையை வெளியே இழுத்தப்போ மெக்கானிக் அண்ணன் சிரிச்சார். "தம்பி, இதுல எத்தனை பேர் கை பட்டிருக்குன்னு எண்ணிப் பார்"னு சொன்னார். எண்ணினோம். மேலே பளபளன்னு பிளாஸ்டிக் டேப். அதுக்குக் கீழே பசை உருகின பழைய கறுப்பு டேப். அதுக்கும் கீழே துணி டேப். நடுவில் வீட்டு வயரிங்கில் இருந்து வெட்டி ஒட்டின ஒரு துண்டு ஒயர். எங்கேயும் போய்ச் சேராத ரெண்டு ஒயர்கள். அவை எப்பவோ ஒரு சைடு இண்டிகேட்டருக்குப் போயிருக்கும்னு அண்ணன் சொன்னார். ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலத்தில் ஒருத்தர் பண்ணின ரிப்பேர்.

பட்டறையில் இருந்து கொஞ்ச தூரத்தில்தான் அரிக்கமேடு. 1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவரா இருந்த மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அப்போ அது பிரெஞ்சு மண். இத்தாலியில் செஞ்ச சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் அங்கே கிடைச்சுது. அந்த மட்பாண்டம் எந்தக் காலத்தைச் சேர்ந்ததுன்னு ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அதனால அது கிடைச்ச மண் அடுக்கில் கூடவே இருந்த உள்ளூர்ப் பொருட்களுக்கும் காலம் சொல்ல முடிஞ்சது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய திருப்பம். எது எந்த அடுக்கில் இருந்ததுன்னு குறிச்சு வச்சதாலதான் அது நடந்தது. குறிக்காம அள்ளிப் போட்டிருந்தா அது வெறும் ஓட்டுச் சில்லு.

பழைய ஒயர் கத்தையும் அப்படித்தான்னு எனக்குத் தோணுச்சு. நம்ம ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் அறுபது வருஷமாச் சேர்த்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த வண்டியில் எந்த ஸ்கூட்டரோட ரெக்டிஃபையர் பொருந்தும், எங்கே எர்த்து அடிச்சா நிக்கும், எந்த இடத்தில் ஒயர் உரசி அறுந்துபோகும், எல்லாம் கையில் இருக்கு, பேச்சில் இருக்கு. அவங்க ரிட்டயர் ஆனா அதுவும் போயிடும். ரிப்பேர் பண்ணின அந்த அடுக்குகள்தான் எழுத்தில் இல்லாத அந்த அறிவுக்கு மிச்சமிருக்கிற சாட்சி. அதை வெட்டிக் குப்பையில் போட்டுட்டு, இணையத்தில் வாங்கின புது வயரிங் செட்டைப் போட்டு "ஒரிஜினலா மாத்திட்டேன்"னு சொல்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ரெண்டு வழி

அப்போ என்ன பண்ணலாம்? நாங்க பேசி ரெண்டு வழியை எடை போட்டோம்.

முதல் வழி, ஆறு வோல்ட்டை அப்படியே வச்சுக்கிட்டு பாதையைச் சுத்தம் பண்றது. தடிமனான புது ஒயர். ஹெட்லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் தனி எர்த்து ஒயர், நேரா பேட்டரி வரைக்கும். ஆறு வோல்ட்டுக்கான எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். டெயில் லைட்டுக்கு ஆறு வோல்ட் எல்இடி. எப்பவாவது ஞாயித்துக்கிழமை காலையில் வண்டி எடுக்கிறவங்களுக்கு இது தாராளமாப் போதும். வண்டியின் குணமும் மாறாது.

ரெண்டாவது வழி, பன்னிரண்டு வோல்ட். இதில் ஒரு ஆச்சரியம் இருக்கு. பல நேரங்களில் ஆல்டர்னேட்டரை மாத்தவே வேண்டாம். நிலைக்காந்த ஆல்டர்னேட்டரில், சுருளின் தன்மையால், ஒரு வேகத்துக்கு மேலே கரண்ட் அதிகமாக் கூடாது. வோல்டேஜ் எவ்வளவு இருந்தாலும் கிட்டத்தட்ட அதே ஆம்பியர்தான். அப்போ அதே ஆம்பியரைப் பன்னிரண்டு வோல்ட்டில் எடுத்தா வாட் கணக்கில் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. விலை என்னன்னா, ஐடிலிங்கில் சார்ஜ் ஏறுறது குறையும். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்த பிறகுதான் லாபம். ஏசியை டிசியாக்கி, சுமார் 14 வோல்ட்டில் நிறுத்தி வைக்கிற ஒரே யூனிட்டா ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் இப்போ கிடைக்குது. அதைப் போடும்போது பேட்டரி, எல்லா பல்பும், ஹாரன், இக்னிஷன் காயில் எல்லாமே பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறணும். ஆறு வோல்ட் காயிலை விட்டு வச்சா அது சூடாகி வீணாப் போகும்.

ஒயரில் கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்க்கணும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பலது பாசிட்டிவ் எர்த்து. பேட்டரியின் பிளஸ் முனைதான் சட்டத்தில் இருக்கும். அந்த லூகாஸ் வயரிங்கில் சிவப்பு ஒயர்னா எர்த்து. இன்னைக்குப் பழக்கத்தில் சிவப்புன்னா கரண்ட் வர்ற ஒயர்னு நினைச்சு, எர்த்து முனையைப் பார்க்காம புது யூனிட்டை மாட்டினா, உள்ளே இருக்கிற டயோடு ஒரு நொடியில் போயிடும். நிறத்தை நம்பாம மீட்டர் வச்சுப் பார்க்கணும்.

அப்புறம் ஃபியூஸ். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒண்ணு கட்டாயம் வேணும். அரதப் பழசான ஒயர், பெட்ரோல் டேங்குக்கு அடியில் உரசிக்கிட்டுப் போகுது. ஷார்ட் ஆச்சுன்னா அங்கே என்ன நடக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. இணைப்புகளில் நல்ல கிரிம்ப், மேலே உறை, கொஞ்சம் கிரீஸ். உப்புக்காத்து ஊரில் இந்தக் கிரீஸ்தான் பாதி ஆயுசு.

நாங்க எடுத்தது ரெண்டாவது வழி. நான் ராத்திரியிலும் ஓட்டுறவன், அதனால அந்த முடிவு. ஆனா ஒரு நிபந்தனை வச்சுக்கிட்டோம்: சட்டத்தில் ஒரு புது ஓட்டை போடக் கூடாது, எதையும் வெட்டக் கூடாது. நாளைக்கு யாராவது பழையபடி மாத்தணும்னு நினைச்சா ஒரே நாளில் மாத்த முடியணும்.

எது ஒரிஜினல்?

இப்போ நண்பர்களோட சண்டைக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேலே ஆன டூ வீலரும் ஃபோர் வீலரும், அசல் வடிவத்தில் பராமரிச்சிருந்தா, விண்டேஜ்னு பதிவு பண்ணலாம். நம்பரில் 'விஏ' எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அப்படிப் பதிவு பண்ணின வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்பு மாதிரி காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அதில் 'பெரிய மாற்றம்'னு அவங்க எடுத்துச் சொல்றது சேசிஸ், பாடி, என்ஜின். வயரிங்கைப் பேர் சொல்லிக் குறிப்பிடலை.

ஆனா சட்டத்தைத் தாண்டியும் ஒரு கேள்வி இருக்கு. புல்லட்டோட வரலாற்றில் எந்த வருஷத்தை ஒரிஜினல்னு சொல்றது? ரெடிச்சில் செஞ்சதையா, மெட்ராஸில் கோத்ததையா, பிறகு முழுசா இங்கேயே செஞ்சதையா? அதன் மின்சார ஏற்பாடு தொழிற்சாலையிலேயே மாறிக்கிட்டே வந்தது. பட்டறைகளில் அதைவிட அதிகமா மாறுச்சு. அந்த மாத்தங்கள் இல்லைன்னா இந்த வண்டிகள் அம்பது வருஷம் ஓடியிருக்காது, எப்பவோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். மாத்துறது இந்த வண்டியோட மரபுக்குள்ளயே இருக்கு. அதில் இதுவரைக்கும் இல்லாதது, மாத்தினதை எழுதி வைக்கிற பழக்கம்.

அதனால நாங்க பண்ணினதைச் சொல்றேன். பழைய ஒயர் கத்தையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு முனையையும் போட்டோ எடுத்தோம். எந்த ஒயர் எங்கே போச்சுன்னு துண்டுச் சீட்டு கட்டினோம். அந்தக் கத்தையை அப்படியே ஒரு பையில் போட்டு வச்சிருக்கேன், தூக்கிப் போடலை. புது வயரிங்கின் படத்தை அண்ணன் பேனாவில் வரைஞ்சு தேதி போட்டார். ஒரு பிரதி டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம், ஒரு பிரதி வீட்டில். நாளைக்கு இந்த வண்டியைத் திறக்கிறவர் யாரா இருந்தாலும், இந்த அடுக்கு எப்போ, எதுக்காக வந்ததுன்னு அவருக்குத் தெரியும்.

உங்க வீட்டில் பழைய ஜாவா, ராஜ்தூத், சேடக், எது இருந்தாலும் சரி. லைட் மங்குதுன்னா முதல்ல எர்த்தைப் பாருங்க, பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துடும். அதுக்கும் மேலே மாத்தணும்னா தைரியமா மாத்துங்க, ராத்திரியில் ஓட்டுறவங்க உயிர் அதில் இருக்கு. ஆனா செய்யற அண்ணன்கிட்ட ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்துப் படம் வரைஞ்சு வாங்கிக்குங்க. அப்படி வாங்கின படம் இருந்தா எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.